என்.எஃப்.எல். அணியின் சம்பளக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தை, அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு மார்ச் மாதச் செய்திகள் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு வீரருக்கு 8 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் என்பார்கள். அதனால் அணிக்கு இந்த ஆண்டு 58 லட்சம் மிச்சம் என்று அடுத்த வரியிலேயே சொல்வார்கள். கூடுதலாகக் கொடுத்தவனுக்கு எப்படி மிச்சமாகும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் கூட்டல், கழித்தல், வகுத்தல்தான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அணியின் சம்பளக் கணக்குக்கும் லீக் ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அது அணி கையிலிருந்து கொடுக்கும் ரொக்கத்துக்கு நேரடி வரம்பு அல்ல. எந்த டாலர் எந்த ஆண்டின் பேரேட்டில் ஏறுகிறது என்பதற்கான வரம்பு. கொடுத்த ஒவ்வொரு டாலரும் என்றைக்காவது ஒருநாள் ஏறியே தீரும். எப்போது ஏற்றுவது என்பது மட்டும்தான் அணியின் கையில் இருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்தொகையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் குழம்பிவிடுவீர்கள். அங்கே ஏலத்தில் சொன்ன விலை அப்படியே அந்த ஆண்டுக் கணக்கு. இங்கே இன்று கொடுத்த பணம் நான்கு ஆண்டு கழித்தும் கணக்கில் நிற்கும்.

படி 1: இந்த ஆண்டின் வரம்பைக் கண்டுபிடியுங்கள்

1994 இல் வரம்பு தொடங்கியபோது ஒரு அணிக்கு 3.46 கோடி டாலர். 2020 இல் 19.82 கோடி. கொரோனாவால் அரங்குகள் காலியாகி வருமானம் விழுந்ததும் 2021 இல் 18.25 கோடியாக இறங்கியது. பிறகு 2022 இல் 20.82, 2023 இல் 22.48, 2024 இல் 25.54, 2025 இல் 27.92 கோடி என்று ஏறிக்கொண்டே போனது. லீகின் வருமானத்தில் வீரர்களுக்கான பங்கிலிருந்து இந்த எண் பிறக்கிறது. அதனால் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் பெருத்தால் இதுவும் பெருக்கும்.

இந்த எண்ணை அப்படியே உங்கள் அணிக்கு எழுதிவிடாதீர்கள். முந்தைய ஆண்டு செலவழிக்காத மீதியை அணிகள் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். 2016 இல் மிச்சம் பிடித்த கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2017 க்கு 5 கோடிக்கு மேல் கொண்டுபோனது. ஆகவே ஒவ்வொரு அணிக்கும் உண்மையான வரம்பு வேறு வேறு.

இது கறாரான வரம்பு. அபராதம் கட்டிவிட்டுத் தாண்டலாம் என்ற வழி இங்கே கிடையாது. புது லீக் ஆண்டு மார்ச் நடுவில், நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. 2025 இல் அது மார்ச் 12. இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 1.30. அந்த நிமிடம் எல்லா அணிகளும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் ஒப்பந்தங்கள் அவசர அவசரமாகத் திருத்தப்படுவது இதனால்தான்.

படி 2: யார் யார் கணக்கில் வருகிறார்கள் என்று பாருங்கள்

மார்ச் முதல் செப்டம்பரில் போட்டிகள் தொடங்கும்வரை அணியில் 90 பேர் வரை இருக்கலாம். ஆனால் கணக்கில் முழுதாக வருவது அதிகத் தொகை உள்ள முதல் 51 பேர்தான். போய்விட்ட வீரர்களின் மிச்சக் கணக்கும் இதோடு சேரும். அதனால் 20 லட்சத்துக்கு ஒருவரை எடுத்தால் 20 லட்சம் குறையாது. 9.6 லட்சத்தோடு 51 ஆவது இடத்தில் இருந்தவர் வெளியே தள்ளப்படுவார்; நிகரக் குறைவு 10.4 லட்சம் மட்டுமே. புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

செப்டம்பரில் இந்தச் சலுகை போய்விடும். இறுதி அணியின் 53 பேரும், காயப்பட்டோர் பட்டியலும், 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடும் (அணியோடு பயிற்சி எடுக்கும் கூடுதல் வீரர்கள்) ஏறும். 2025 இல் பிராக்டிஸ் ஸ்குவாட் வீரருக்கு வாரம் குறைந்தது 13,000 டாலர். 16 பேர், 18 வாரம் என்றால் 37 லட்சத்துக்கு மேல். 52, 53 ஆவது ஆட்களுக்கு இன்னொரு 17, 18 லட்சம். காயப்பட்டவர்களுக்கு மாற்றாள் பிடிக்க இதற்குமேலும் வேண்டும். கோடையில் ஓர் அணிக்கு 60 லட்சம் இடம் இருக்கிறது என்று படித்தால், அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

படி 3: ஒப்பந்தத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

அடிப்படைச் சம்பளம் எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டில் முழுதாக ஏறும். குறிப்பிட்ட நாளில் அணியில் இருந்தால் கிடைக்கும் ராஸ்டர் போனஸும், கோடைப் பயிற்சிக்கு வந்ததற்கான போனஸும் அப்படியே.

கையெழுத்து போனஸ் மட்டும் வேறு. பணம் வீரருக்கு விரைவில் போய்ச் சேர்ந்துவிடும். கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளில் சமமாகப் பரப்பப்படும், அதிகபட்சம் 5 ஆண்டுகள். பாட்ரிக் மஹோம்ஸ் 2020 இல் கான்சாஸ் சிட்டியோடு 10 ஆண்டு நீட்டிப்பு, 45 கோடி டாலர் மதிப்பில் போட்டார். 10 ஆண்டு என்பதற்காகக் கையெழுத்து போனஸைப் பத்தால் வகுக்க முடியாது, ஐந்துதான் எல்லை. ஆப்ஷன் போனஸ் என்று இன்னொன்று உண்டு. அதுவும் இப்படித்தான் பரவும், ஆனால் அணி அதைச் செயல்படுத்தும் ஆண்டிலிருந்து பரவத் தொடங்கும். பிலடெல்பியா ஈகிள்ஸ் 2023 இல் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 5 ஆண்டு, 25.5 கோடி ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டுக் கணக்கில் சுமார் 60 லட்சம் மட்டுமே ஏற்றியது. ஆண்டுக்கு ஆண்டு ஆப்ஷன் போனஸ்களை அடுக்கியே அதைச் செய்தார்கள்.

ஊக்கத்தொகைக்கு முந்தைய ஆண்டுதான் அளவுகோல். போன ஆண்டு 8 சாக் (எதிரணியின் குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிபவரை, எறியும் முன்பே வீழ்த்துவது) எடுத்தவருக்கு 10 சாக் எடுத்தால் பணம் என்று எழுதினால், அது நடக்கக்கூடியதாகக் கருதப்படாது. இந்த ஆண்டில் ஏறாது. எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வரம்பில் கழியும். 7 சாக்குக்குப் பணம் என்றால் இப்போதே ஏறும்.

படி 4: ஒரு நீட்டிப்பைக் கட்டிப் பாருங்கள்

டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு. மூன்றாவது பருவம் முடியும்வரை நீட்டிப்பைப் பற்றிப் பேச முடியாது. முதல் சுற்று வீரருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன், அதாவது அவரை இன்னோர் ஆண்டு தக்கவைக்கும் உரிமை, உண்டு. மூன்றாம் பருவத்துக்குப் பிந்தைய மே மாதத் தொடக்கத்துக்குள் அணி அதை எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தச் சம்பளம் முழு உத்தரவாதம்.

கற்பனை வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2021 இல் முதல் சுற்று. 2025 அவருடைய ஆப்ஷன் ஆண்டு, சம்பளம் 1.20 கோடி. அணி அவருக்கு 2026 முதல் 2029 வரை 4 புது ஆண்டுகள், புதுப் பணம் 8 கோடி தருகிறது. மொத்தம் இப்போது 5 ஆண்டு, 9.20 கோடி.

இதில் 2.50 கோடியைக் கையெழுத்து போனஸாக வையுங்கள். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 50 லட்சம். 2025 சம்பளத்தை 12 லட்சமாக இறக்குங்கள். நான்கு முதல் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அந்த ஆண்டின் குறைந்தபட்சம் 11.7 லட்சம் என்பதால் அதற்குக் கீழே போக முடியாது. மீதி 6.58 கோடியை நான்கு ஆண்டுகளுக்கும் ஏறுமுகமாகப் பகிருங்கள்:

2025: சம்பளம் 12 லட்சம் + போனஸ் பங்கு 50 லட்சம் = 62 லட்சம்
2026: 138 + 50 = 188 லட்சம்
2027: 160 + 50 = 210 லட்சம்
2028: 175 + 50 = 225 லட்சம்
2029: 185 + 50 = 235 லட்சம்

கூட்டினால் 920 வர வேண்டும், வருகிறது. வரவில்லை என்றால் எங்கோ பிசகு. மேலே போகாமல் திரும்பப் பாருங்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வீரர் 2025 இல் 1.20 கோடிக்குப் பதில் 2.62 கோடி கையில் வாங்குகிறார். கணக்கில் ஏறுவதோ 120 லட்சத்திலிருந்து 62 ஆக இறங்குகிறது. 58 லட்சம் இடம் பிறந்துவிட்டது. கடைப் பற்று நோட்டில் எழுதிவிட்டுச் சாமான் வாங்கி வந்தது போலத்தான். நோட்டு கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது.

செய்தியில் ஆண்டுக்கு 2 கோடி என்று வரும். அது புதுப் பணத்தைப் புது ஆண்டுகளால் மட்டும் வகுத்த எண். முகவர்கள் விரும்புவதும் அதைத்தான், ஏனென்றால் அடுத்த வீரரின் பேரம் அங்கிருந்து தொடங்கும். உண்மையில் அணி 5 ஆண்டுக்கு 9.20 கோடி கொடுக்கிறது, சராசரி 1.84 கோடி. இரண்டு வீரர்களை ஒப்பிடும்போது ஒருவருக்கு ஒரு முறை, இன்னொருவருக்கு வேறு முறை என்று கலந்துவிடாதீர்கள்.

படி 5: உத்தரவாதத்தைப் படியுங்கள்

ஒப்பந்தத்தின் உயிர் இங்கேதான். மொத்தத் தொகையைவிட இதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. அணி ஒருவரை விலக்க மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஆட்டத்திறன் போதவில்லை, வரம்பில் இடமில்லை, காயம். மூன்றுக்கும் எதிராகப் பணம் காக்கப்பட்டிருந்தால்தான் அது முழு உத்தரவாதம். காயத்துக்கு மட்டும் என்றால், நல்ல உடல்நிலையில் இருப்பவரை அணி காசு கொடுக்காமல் அனுப்பிவிடலாம்.

நம் உதாரணத்தில் போனஸ் 250, 2025 சம்பளம் 12, 2026 சம்பளம் 138 ஆகிய மூன்றுக்கும் கையெழுத்தின்போதே முழு உத்தரவாதம் என்று வைத்தால், 4 கோடி உறுதி. 2027 இன் 160 லட்சத்துக்குக் காய உத்தரவாதம் மட்டும் கொடுத்து, 2026 லீக் ஆண்டின் மூன்றாம் நாளில் அவர் அணியில் இருந்தால் அது முழு உத்தரவாதமாக மாறும் என்று எழுதலாம். இந்த மாதிரித் தேதிகளைக் குறித்து வையுங்கள். ஒரு வீரர் மார்ச் நடுவில் திடீரென விலக்கப்பட்டால், பெரும்பாலும் இப்படியொரு தேதி நெருங்கியிருக்கும்.

உத்தரவாதத்தோடு, வீரர் வேறு அணியில் சம்பாதிப்பதைக் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். டென்வர் பிராங்கோஸ் 2024 இல் ரசல் வில்சனை விலக்கியபோது அந்த ஆண்டுக்கு 3.90 கோடி அவருக்கு உறுதியாகியிருந்தது. பிட்ஸ்பர்க் அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. மீதியை டென்வர் கட்டியது. வில்சனுக்கு எப்படியும் அதே 3.90 கோடிதான் என்பதால், பிட்ஸ்பர்கிடம் கூடுதலாகக் கேட்க அவருக்குக் காரணமே இல்லை.

படி 6: ரீஸ்ட்ரக்சர் செய்தால் என்ன ஆகும்?

ரீஸ்ட்ரக்சர் செய்தியைப் பார்த்ததும் வீரர் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. சம்பளத்தை போனஸாக மாற்றுவது மட்டுமே நடக்கிறது. வாரா வாரம் வாங்க வேண்டியது முன்கூட்டியே கைக்கு வருவதால் வீரருக்கு நஷ்டமில்லை. பல ஒப்பந்தங்களில் அவருடைய சம்மதமே தேவைப்படாதபடி எழுதிவைத்திருப்பார்கள். சம்பளக் குறைப்பு என்பது வேறு விஷயம்.

2027 இல் நம் அணிக்கு இடம் வேண்டும் என்று வையுங்கள். 160 லட்சம் சம்பளத்தில் 15 ஐ விட்டுவிட்டு 145 ஐ போனஸாக்குகிறோம். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுதான் மீதி. அதனால் 2030, 2031 என்று இரண்டு வெற்று ஆண்டுகளை ஒட்டவைக்கிறோம். வீரர் அப்போது ஆடப்போவதில்லை. ஐந்தால் வகுப்பதற்காகவே அந்த ஆண்டுகள். 145 ஐ ஐந்தால் வகுத்தால் 29. 2027 இல் ஏறுவது 15 + 50 + 29 = 94 லட்சம். 210 இலிருந்து இறங்கியது 116 லட்சம். அதே 116, 2028 முதல் நான்கு ஆண்டுகளுக்கு 29, 29 ஆகப் போய் உட்கார்ந்திருக்கிறது. 2029 முடிந்து ஒப்பந்தம் தானாக ரத்தாகும்போது, கடைசி இரண்டு பங்கும் சேர்ந்து 58 லட்சமாக 2030 இல் விழும். டாம் பிரேடி ஓய்வு பெற்ற பிறகு, 2023 இல், ஆடாத அவருக்காக டாம்பா பே கணக்கில் சுமார் 3.5 கோடி ஏறியது இந்த வழியில்தான்.

தள்ளிப்போடுவது எப்போதும் தவறு என்று சொல்ல மாட்டோம். இந்தக் கடனுக்கு வட்டி இல்லை. வரம்போ ஏறுகிறது: 1 கோடி டாலர் 2020 வரம்பில் 5 சதவீதத்துக்கு மேல், 2025 வரம்பில் 3.6 சதவீதம். இருபத்தாறு வயதில், அடுத்த மூன்று ஆண்டும் கட்டாயம் ஆடப்போகிறவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். முப்பத்தொரு வயதுக்காரரின் ஒப்பந்தத்தில் செய்தால், அவரை விலக்க வேண்டிய நாளில் கை கட்டப்பட்டிருக்கும். வரம்பு ஏறும் என்று நம்பி 2020 இல் தள்ளிப்போட்டவர்கள் 2021 இல் பட்டதையும் மறக்க வேண்டாம்.

படி 7: விலக்கினால் வரும் டெட் மனி

வீரரை விலக்கினாலோ மாற்றிக் கொடுத்தாலோ, இன்னும் ஏறாத போனஸ் பங்குகள் எல்லாம் ஒரே மூச்சில் இந்த ஆண்டில் விழும். இதுதான் டெட் மனி. புது அணிக்குப் போவது எதிர்காலச் சம்பளம் மட்டும். போனஸ் பங்குகள் பழைய அணியின் தலையில். மேட் ரயனை இண்டியானாபொலிசுக்குக் கொடுத்த அட்லாண்டா 2022 இல் 4.05 கோடியைச் சுமந்தது இதனால்தான்.

நம் வீரரை 2028 மார்ச்சில் விலக்கிப் பார்ப்போம். சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று கொள்வோம். ரீஸ்ட்ரக்சர் செய்யாமல் இருந்திருந்தால் டெட் மனி 100. ஏற இருந்தது 225. மிச்சம் 125 லட்சம். செய்திருந்தால் டெட் மனி 100 + 116 = 216; ஏற இருந்தது 254; மிச்சம் வெறும் 38 லட்சம். ஓர் ஆண்டு முன்பு வாங்கிய மூச்சுக்கு விலை இது.

ஜூன் 1 விதியால் இதை இரண்டாகப் பிரிக்கலாம். ஜூன் 1 க்குப் பிறகு விலக்கினால் அந்த ஆண்டின் பங்கு மட்டும் இப்போது. மீதி அடுத்த ஆண்டு. நம் கணக்கில் 2028 இல் 79, 2029 இல் 137. இந்த ஆண்டு மிச்சம் 175. ஆண்டுக்கு இரண்டு பேரை மார்ச்சிலேயே விலக்கி, ஜூன் 1 க்குப் பிந்தையவர் என்று குறிக்கவும் அனுமதி உண்டு. வில்சனின் 8.5 கோடியை டென்வர் 2024 க்கு 5.3, 2025 க்கு 3.2 என்று பிரித்தது இப்படித்தான். ஆனால் குறித்தாலும் ஜூன் 2 வரை முழுத் தொகையும் கணக்கிலேயே நிற்கும். மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) வாங்க அந்த இடம் உதவாது. புதிய டிராஃப்ட் வீரர்களுக்கும் செப்டம்பர் செலவுக்கும்தான் உதவும். மாற்றிக் கொடுப்பதில் இந்தக் குறியீடும் கிடையாது. உண்மையிலேயே ஜூன் 1 தாண்டிக் கொடுத்தால்தான் பிரியும்.

படி 8: பேச்சு முறிந்தால் டேக்

ஒப்பந்தம் முடிகிற ஒருவரை ஓர் ஆண்டுக்கு நிறுத்திவைக்க அணிக்கு ஃபிரான்சைஸ் டேக் இருக்கிறது, ஆண்டுக்கு ஒருவருக்குத்தான். மார்ச் தொடக்கத்தில் கெடு. தொகை, அவருடைய இடத்தில் ஆடும் உச்சச் சம்பளக்காரர்களை வைத்துக் கணக்கிடப்படும். அல்லது அவருடைய முந்தைய சம்பளத்தின் 120 சதவீதம். எது பெரிதோ அது. டேக் போட்ட நொடியிலேயே முழுத் தொகையும் கணக்கில் ஏறிவிடும், பரப்ப வழியில்லை. ஜூலை நடுவுக்குள் நீண்ட ஒப்பந்தம் போடாவிட்டால் அந்த ஆண்டு டேக் தொகையில்தான் ஆட வேண்டும்.

குவாட்டர்பேக் கிர்க் கசின்ஸை வாஷிங்டன் 2016 இல் 1.995 கோடிக்கு டேக் செய்தது. 2017 இல் மறுபடி டேக். 120 சதவீத விதிப்படி 2.394 கோடி. மூன்றாம் முறை தாங்க முடியாத தொகையாக இருந்திருக்கும். 2018 இல் அவர் மினசோட்டாவுக்குப் போய் 3 ஆண்டு, 8.4 கோடி, அத்தனையும் முழு உத்தரவாதத்தோடு வாங்கினார். குவாட்டர்பேக்கை நீட்டிப்பதில் ஓர் ஆண்டு தாமதித்தால் விலை இறங்கும் என்று எண்ணும் அணிகளுக்கு இந்த எண்களைத்தான் காட்ட வேண்டும்.

படி 9: பருவம் முடிந்ததும் பேரேட்டை மூடுங்கள்

ஜனவரியில் மூன்று வரிகள் எழுதுங்கள். வீரர்கள் வென்ற, ஆனால் ஏறாதிருந்த ஊக்கத்தொகைகள் அடுத்த ஆண்டு வரம்பில் கழியும். ஏற்றப்பட்டு, வெல்லப்படாதவை திரும்ப வரவாகும். மீதி இடத்தை அணி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும். பிறகு அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, இன்னும் ஏற வேண்டிய போனஸ் பங்குகளையும், வெற்று ஆண்டுகள் ரத்தாகும் நாட்களையும், உத்தரவாதம் மாறும் தேதிகளையும் குறித்துவிடுங்கள். பிப்ரவரியில் டேக் செய்திகள் வரும்போது அந்தப் பக்கங்கள் கையருகே இருக்க வேண்டும்.